பிளக்-இன் ஹைபிரிட் கார்: கூடுதல் விலைக்குக் கணக்கு ஒத்துவருமா?

அண்மையில் நமது தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் வாகனச் செலவைப் பற்றிப் பேசினோம். தவணை, காப்புறுதி, சாலை வரி என்று பலவற்றையும் பேசத் திட்டமிட்டிருந்தோம். நேயர்களோ ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “பெட்ரோலும் ஊற்றலாம், வீட்டில் பிளக்கும் போடலாம் என்கிறார்களே, அந்தக் காரை வாங்கலாமா?” நிகழ்ச்சி நேரத்துக்குள் அதற்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே பேசியதையும் விடுபட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பொறியியலைவிட மின்கட்டண பில்லும் பெட்ரோல் ரசீதும்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

முதலில் இந்தக் கார் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் நாட்டுச் சாலைகளில் நெடுநாளாக ஓடும் சாதாரண ஹைபிரிட் காருக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியையும் இயந்திரம் தரும் மிகுதியையும் ஒரு சிறிய மின்கலத்தில் சேர்த்துவைத்து, மறுபடி வண்டி நகரும்போது பயன்படுத்திக்கொள்ளும். ஓட்டுநர் செய்யவேண்டியது எதுவுமில்லை. பிளக்-இன் ஹைபிரிட்டில் அந்த மின்கலம் பல மடங்கு பெரிது. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால், மறுநாள் முதல் 50 முதல் 80 கிலோமீட்டர் வரை, சில புதிய ரகங்களில் இன்னும் அதிகமாக, பெட்ரோலே எரிக்காமல் ஓடலாம். மின்சாரம் தீர்ந்ததும் பெட்ரோல் இயந்திரம் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

இது ஒன்றும் நேற்று வந்த பொருளல்ல. சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2008 டிசம்பரில் எஃப்3டிஎம் என்ற பிளக்-இன் காரை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் செவர்லே வோல்ட் 2010 டிசம்பரில் வந்தது. மலேசியாவில் 2016ஐ ஒட்டித்தான் இவை கண்ணில் படத் தொடங்கின. மெர்சிடிஸ் சி350இ, பிஎம்டபள்யூ 330இ, வால்வோ எக்ஸ்சி90 டி8 ஆகியவை இங்கேயே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களில் பலருக்குப் பெட்ரோல் மிச்சம் இரண்டாம் பட்சம். உள்ளூரில் பொருத்தப்பட்ட ஹைபிரிட் கார்களுக்குக் கிடைத்த வரிச்சலுகையால், பெரிய பெயர் கொண்ட காரைக் குறைந்த விலையில் வாங்க முடிந்தது. அதுதான் ஈர்ப்பு. பிளக்கைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த பிளக்-இன் கார்கள் திரும்பி வந்தபோது, சிலவற்றில் சார்ஜ் கம்பி உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்ததாக 2018இல் செய்தி வந்தது. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இன்னும் கனமானது. 2021இல் பதிவான கார்களிலேயே உள்ள கருவிகள் பதிந்த தகவலைத் திரட்டிப் பார்த்ததில், பிளக்-இன் கார்கள் சாலையில் வெளியிட்ட கரிவாயு, ஆய்வுக்கூட அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் 20 விழுக்காட்டை ஒட்டித்தான்.

விளம்பரத்தில் “100 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர்” என்று போட்டிருப்பதன் விஷயம் இதுதான். அது பொய்யல்ல. ஒழுங்காகச் சார்ஜ் போட்டு, பெரும்பகுதி தூரத்தை மின்சாரத்தில் ஓட்டுபவருக்கான கணக்கு. சார்ஜ் போடாவிட்டால், 200, 300 கிலோ கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓடும் ஒரு ஹைபிரிட் கார்தான் அது.

சரி, நாம் ஒழுங்காகச் சார்ஜ் போடுவோம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் எவ்வளவு மிஞ்சும்? நிகழ்ச்சியில் நான் பலகையில் எழுதிய கணக்கு இது.

ஒருவர் காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், மாதம் 22 நாள். மொத்தம் 1,100 கிலோமீட்டர். நடுத்தர அளவு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிறது என்றால் மாதம் 88 லிட்டர். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி95 திட்டம் தொடங்கியபோது, தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் மாதச் செலவு 175 வெள்ளி.

இப்போது பிளக்-இன் கார். அந்த 50 கிலோமீட்டரையும் மின்சாரத்திலேயே ஓடிவிடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்து 22 யூனிட் என்று கொள்வோம். மாதம் 242 யூனிட்.

இந்த 242 யூனிட்டுக்கு என்ன விலை? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விற்பனையாளர் மின்சாரத்தின் குறைந்தபட்ச விலையை வைத்துப் பெருக்கிக் காட்டுவார். 2025 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், தீபகற்பத்தில் உள்ள வீடுகளுக்கு மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒரு யூனிட் 44.43 காசு. அதிலிருந்து சிக்கனக் கழிவு ஒன்று உண்டு. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கழிவு அதிகம். பயன்பாடு ஏற ஏறக் கழிவு இறங்கிக்கொண்டே வந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போய்விடும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சேவைக் கட்டணம் வேறு சேரும்.

ஆகவே காருக்குப் போகும் மின்சாரத்தைத் தனியாக எண்ணக்கூடாது. காரினால் வீட்டு பில் முழுவதும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் ஒரு குடும்பத்துக்கு யூனிட்டுக்கு 17 காசு கழிவு. பில் ஏறக்குறைய 110 வெள்ளி. கார் வந்ததும் 642 யூனிட் ஆகிறது. கழிவு 7.5 காசாகச் சுருங்குகிறது. அதுவும் புதிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, வீட்டில் விளக்குக்கும் ஐஸ் பெட்டிக்கும் போகும் பழைய 400 யூனிட்டுக்கும் சேர்த்துத்தான். சேவைக் கட்டணம், சிறு வரிகள் எல்லாம் சேர்ந்து பில் 250 வெள்ளியைத் தொடுகிறது. கார் ஏற்றிவிட்ட தொகை 140 வெள்ளி. யூனிட்டுக்கு 57, 58 காசு விழுகிறது.

பெட்ரோலுக்கு 175, மின்சாரத்துக்கு 140. மிச்சம் 35 வெள்ளி.

இந்த எண்ணைப் பலகையில் எழுதியபோது அரங்கத்தில் ஒரு சலசலப்பு. வந்திருந்த பட்டறை உரிமையாளர் ஒருவர், “தங்கச்சி, இன்னொரு வரி எழுதுங்க. பிளக் இல்லாத ஹைபிரிட்டையும் போடுங்க” என்றார். போட்டேன். சாதாரண ஹைபிரிட் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால் மாதம் 55 லிட்டர், ஏறக்குறைய 110 வெள்ளி. மூன்றில் மலிவு அதுதான்.

ஐரோப்பாவில் இப்படி வராது. அங்கே பெட்ரோல் மீது கனமான வரி. நம் நாட்டில் பெட்ரோலுக்கு மானியம். அதனால் அங்கே எழுதப்பட்ட லாபக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டமுடியாது. மானியம் கிடைக்காதவர்களுக்கு எண்கள் மாறும். பூடி95 தொடங்கிய நேரத்தில் மானியமில்லாத விலை 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் பெட்ரோல் காருக்கு மாதம் 229 வெள்ளி ஆகும், பிளக்-இன் கார் 90 வெள்ளி மிச்சம் பிடிக்கும். சாதாரண ஹைபிரிட்டோ 143 வெள்ளியில் பிளக்-இன்னுடன் சரிசமமாக நிற்கும். பெட்ரோல் விலை இன்னும் ஏறினால் பிளக்-இன் முந்தும். மானியத்தின் அளவும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால், நீங்கள் கணக்குப் போடும் நாளின் விலையைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனி விலை வித்தியாசம். ஒரே காரின் பெட்ரோல் ரகத்துக்கும் பிளக்-இன் ரகத்துக்கும் 20,000 வெள்ளி வித்தியாசம் என்று கொள்வோம். அதை 9 ஆண்டு தவணையில் வட்டியோடு கட்டினால் மாதம் 230 வெள்ளிக்கு மேல் வரும். 35 வெள்ளியை மிச்சம் பிடிக்க 230 வெள்ளி. மானியமில்லாத விலையில் ஓட்டினால்கூட 90 வெள்ளிக்காக 230 வெள்ளி. இதைக் குடும்பச் செலவைக் கவனிக்கும் அம்மாமார்களிடம் கேட்டால், பேனா எடுக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் வித்தியாசம் எப்போதும் 20,000 இல்லை. சீன நிறுவனங்களின் போட்டியால் பல ரகங்களில் இடைவெளி சுருங்கிவருகிறது. இரண்டு, மூன்று ஆயிரம் வெள்ளிதான் வித்தியாசம், அதோடு கூடுதல் சக்தியும் வசதியும் கிடைக்கிறது என்றால் என் பதிலும் மாறும்.

வேறு சிலருக்கும் இந்தக் கார் பொருந்தும். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு போட்டிருப்பவர், பகலில் கார் வீட்டில் நிற்கிறது என்றால், சார்ஜ் செலவு பெருமளவு குறையும். ஏற்கெனவே 1,000 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீட்டுக்கு இழக்கக் கழிவு எதுவும் மிச்சமில்லை. அதனால் காருக்கான யூனிட் ஏறக்குறைய 45 காசு கணக்கில் முடிந்துவிடும். சிக்கனமாக வாழ்கிற குடும்பத்துக்குக் கார் மின்சாரம் விலை அதிகம், தாராளமாகச் செலவழிக்கும் வீட்டுக்குக் குறைவு. விசித்திரமாக இருந்தாலும் கட்டண அமைப்பு அப்படித்தான். நேரவாரிக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்து, வேலை நாள்களில் இரவு 10 மணிக்குப் பிறகு சார்ஜ் போட்டால் இன்னும் சில வெள்ளி குறையும். பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

சரவாக் நேயர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. மேலே சொன்னது தெனாகா நேஷனல் கணக்கு. சரவாக்கில் மின்கட்டணமே குறைவு. கூச்சிங்கில் இருப்பவர் தம் பில்லை வைத்துப் பார்த்தால் பிளக்-இன் காருக்குச் சாதகமான விடையே வரக்கூடும்.

“பணத்தை விடுங்க அக்கா, சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரிவாயு வரும். 8 லிட்டருக்கு 18 கிலோ. தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவதால், ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரிவாயு சேர்கிறது. 22 யூனிட்டுக்கு 17 கிலோ. ஆக, 100 கிலோமீட்டர் பயணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பிளக் இல்லாத ஹைபிரிட்டின் 5 லிட்டருக்கு 11, 12 கிலோதான். பாக்குன் போன்ற அணைகளின் நீர்மின்சாரத்தில் ஓடும் சரவாக்கில் இந்தக் கணக்கும் தலைகீழாகும். தீபகற்பத்திலும் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக்கூட நிலைமை மாறும். ஒன்றை மட்டும் மறுக்கமுடியாது. மின்சாரத்தில் ஓடும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலிலும் நெரிசலிலும் புகை இல்லை, சத்தம் இல்லை. கரிவாயுக் கணக்கில் வராத நன்மை அது.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கார் நிறுத்துமிடத்தில் உங்களுக்கென்று பிளக் இல்லையென்றால் இந்தக் கார் வேண்டாம். பொதுச் சார்ஜ் நிலையங்களில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளியை ஒட்டியோ அதற்கு மேலோ வாங்குகிறார்கள். 100 கிலோமீட்டருக்கு 20 வெள்ளிக்கு மேல். மானிய பெட்ரோலில் அதே தூரம் 16 வெள்ளி. மேலும் பல பிளக்-இன் கார்கள் விரைவுச் சார்ஜை ஏற்பதில்லை, மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நான்காம் மாடியிலிருந்து கம்பியை இறக்கி சார்ஜ் போடும் யோசனையை ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

தரைவீட்டில் இருப்பவர்களும் வீட்டு மின்கம்பிகளைச் சோதிக்கவேண்டும். சாதாரண மூன்று முனை பிளக்கில் இந்தக் காருக்கு ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரம் இடைவிடாமல் ஓடும் மின்சாரத்தை, முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய தாமான் வீட்டின் பழைய கம்பி தாங்குமா என்று தகுதி பெற்ற மின்பணியாளர்தான் சொல்லவேண்டும். நீட்டிப்புக் கம்பி கூடவே கூடாது. தனிச் சார்ஜர் பொருத்தினால் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதையும் கார் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் காரின் உண்மையான பலம் நெடுந்தூரப் பயணத்தில்தான் தெரியும். முழு மின்சாரக் காரில் தீபாவளிக்குப் பினாங்கு போகிறவர், வழியில் ஓய்விடத்தில் சார்ஜுக்கு வரிசை எவ்வளவு நீளமோ என்று கவலைப்படுவார். பிளக்-இன் காரில் அந்தக் கவலை இல்லை. ஊருக்குள் மின்சாரம், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பெட்ரோல். வீட்டில் ஒரே கார்தான், அடிக்கடி வெளியூர்ப் பயணம் உண்டு, ஆனால் தினசரி ஓட்டம் மின்சாரத்தில் என்று விரும்புகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இப்போதைக்கு இல்லை. நிம்மதிக்கும் விலை உண்டு என்பதைத் தெரிந்து வாங்கினால் தவறில்லை.

பராமரிப்பில் இரட்டைச் செலவு இருக்கிறது. மின்கலமும் உண்டு, இயந்திரமும் உண்டு. மின்சாரத்திலேயே ஓட்டினாலும் இயந்திர எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றத்தான் வேண்டும். தொட்டியில் பெட்ரோல் நெடுநாள் கிடந்தால் கெட்டுப்போகும். அதனால் செவர்லே வோல்ட், பழைய பெட்ரோலைத் தீர்க்கத் தானாகவே இயந்திரத்தை ஓட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. சாலை வரியும் இயந்திர அளவின்படிதான். தீபகற்பத்தில் 1.5 லிட்டர் தனியார் காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி, 2 லிட்டர் செடானுக்கு ஏறக்குறைய 380 வெள்ளி. பிரேக் கட்டைகள் மட்டும் நெடுநாள் உழைக்கும்.

கடைசியாக, எனக்கு அதிகக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். “ஏம்மா, நீ டிவியில வர்ற பொண்ணுதானே? என் மகன் பழைய கார் ஒண்ணு பார்த்திருக்கான். பெரிய ஐரோப்பியக் கார், புது மைவி விலைக்கே கிடைக்குதாம். பிளக்-இன்னாம். வாங்கலாமா?” என்று கேட்டார்.

விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்பதை யோசிக்கவேண்டும். 2016, 2017இல் வந்த அந்தத் தலைமுறைக் கார்களின் மின்கலங்கள் சிறியவை. சி350இ காரில் 6.2 யூனிட். புதிதாக இருந்தபோதே ஆய்வுக்கூட அளவில் 31 கிலோமீட்டர்தான் ஓடும். 330இ காரில் 7.6 யூனிட். சிறிய மின்கலம் என்றால் ஒவ்வொரு நாளும் முழுக்க நிரம்பி முழுக்கத் தீரும், தேய்மானமும் வேகமாக நடக்கும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் கூடும். மின்கலத்துக்கு 8 ஆண்டு உத்தரவாதம் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். அந்த வயதைத் தாண்டிய கார்கள்தான் இப்போது பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. மின்கலம் பழுதானால் பெட்ரோலில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல ரகங்களில் உயர் மின்னழுத்தப் பகுதி பழுதானால் கார் கிளம்பவே கிளம்பாது. புதிய மின்கலத்தின் விலை பல்லாயிரம் வெள்ளி.

அதே பட்டறை உரிமையாளர் சொன்ன யோசனையைப் பெரியவரிடம் சொன்னேன். வாங்குமுன் மின்கலத்தின் நிலை குறித்துக் கருவி வைத்து எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். விற்பவர் தரமறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜ் போட்டு, குளிர்சாதனத்தோடு ஓட்டி, எத்தனை கிலோமீட்டரில் இயந்திரம் உறுமுகிறது என்று நீங்களே பாருங்கள். உத்தரவாதம் மிச்சமிருந்தால் அது புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிய மின்கலத்தின் விலையை முன்கூட்டியே விசாரித்து, அதையும் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போதும் மலிவாகத் தெரிந்தால் வாங்கலாம். அவர் கைப்பேசியில் மகனை அழைத்து, அங்கேயே என்னிடம் கொடுத்துவிட்டார். தம்பி முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றார்.

மழையில் சார்ஜ் போடலாமா என்று செர்டாங்கிலிருந்து ஒரு நேயர் எழுதிக் கேட்டிருந்தார். கார் பக்கத்து இணைப்பு மழையைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. சுவரில் உள்ள பிளக் மட்டும் கூரைக்கடியில் இருக்கவேண்டும், மின்கசிவுத் துண்டிப்பான் ஒழுங்காக வேலை செய்யவேண்டும். வாசலில் வெள்ளம் ஏறினால் கம்பியைத் தொடுமுன் வீட்டு மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இடி பலமாக வரும்போல் தெரிந்தால் தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செய்வதையே காருக்கும் செய்யுங்கள். மழை தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரவு 10 மணிக்குப் பிறகு போடுங்கள்.